தோட்டத்துக்குப் போன அகலக் கால்சட்டை

என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் நான் போலீஸாரிடம் அகப்பட்டிருக்கிறேன். அதற்குக் காரணம் கொள்கை இல்லை, கோபம் இல்லை, பசிகூட இல்லை. ஒரு கால்சட்டை. பெண்கள் போடுகிற அகலக் கால்சட்டை. மலாயாவில் அவசரகாலத்தில் பட்ட பாட்டைப் பற்றி யாராவது பேச ஆரம்பித்தால் நான் மெதுவாக எழுந்து காப்பி போடப் போய்விடுவேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மலாக்கா டவுனில் ஒரு ரப்பர் வியாபாரியின் ஆபீஸில் டைப்பிஸ்ட். பிறந்து வளர்ந்தது மெர்லிமாவ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களுக்குக் கட்டிய வரிசை வீட்டில். டவுனுக்கு வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது, ஆனால் என் அலட்டலைப் பார்த்தவர்கள் போர்த்துக்கீசியர் மலாக்காக் கோட்டையைக் கட்டிய காலத்திலிருந்தே நான் இங்கே குடியிருக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். லயத்தை 'குவார்ட்டர்ஸ்' என்று சொல்லக் கற்றுக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் இருந்த என் அக்காவைப் பற்றிக் கேட்டால், "கவர்மெண்ட் வேலை" என்பேன்.

அக்கா பார்த்தது சோதனை வேலை. காட்டுக்குள் இருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக் கூடாது என்று தோட்டங்களைச் சுற்றிக் கம்பிவேலி போட்டிருந்த காலம் அது. அரிசி வேலிக்கு உள்ளே வரலாம், ஒரு பிடிகூட வெளியே போகக் கூடாது. வெளியே போகிற ஆண்களைக் கேட்டில் மாத்தாக்கள், அதாவது போலீஸ்காரர்கள், தடவிப் பார்ப்பார்கள். பெண்களைத் தடவிப் பார்க்க ஒரு பெண் வேண்டுமே, அதற்கு அக்காவை வைத்திருந்தார்கள். அத்தான் இறந்துபோய் இரண்டு பிள்ளைகளோடு இருந்தவள். நெஞ்சுக் கோளாறு, ரப்பர் பால் எடுக்க மரம் சீவப் போக முடியாது. அந்த வேலை போனால் அவளுக்கு அந்தத் தோட்டத்தில் வீடும் இல்லை. சோதிக்கிறவளே அரிசியைக் கண்டும் காணாமல் விட்டால் வேலை போவதோடு நிற்காது, அவளையும் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும்தான் அந்தக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு போனேன்.

கால்சட்டை ஆசை வந்தது ஒரு வெள்ளைக்காரியைப் பார்த்து. எங்கள் ஆபீஸ் வாசலில் ஒரு கார் வந்து நின்றது, ஒரு தோட்டத்துத் துரையின் மனைவி இறங்கினாள். இடுப்பில் இறுக்கிப் பிடித்து, தொடையிலிருந்து தளர்ந்து, செருப்பின் மேல் வந்து விழுகிற அகலமான கால்சட்டை. அவள் நடந்தால் கால் நடப்பதே தெரியவில்லை. துணிதான் நடந்து போயிற்று. ஒரு கடிதத்தின் நடுவில் நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டேன். அவள் உயரம் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு என்பதும் என் உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு என்பதும் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சம்பளம் வந்ததும் துணிக்கடைக்குப் போனேன். கடைக்கார பாய் பொறுமைசாலி. நான் எடுத்து வைத்த துணியை விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கால்சட்டைக்கு எங்கள் பக்கத்தில் மலாய்ப் பெயர்தான், சிலுவார்.

"தங்கச்சி, சிலுவாருக்கு இது ஆகாதுலா. இது பிளவுஸ் துணி. அந்தச் சாம்பல் கலர் கெபர்டின் பாருங்க. கனமா இருக்கும். விட்டா நேரா விழும்."

"எனக்கு இந்த கிரீம் கலர்தான் வேணும், பாய்."

"நம்ம ஊரு செம்மண்ணுக்கு கிரீமா?"

"நான் ஏன் செம்மண்ணுல நடக்கப் போறேன்?"

பாய் கிரீம் துணியையே கிழித்துக் கொடுத்தார். அகலக் கால்சட்டைக்கு முதல் விதி துணியின் கனம் என்பதை நான் அன்றைக்கே இலவசமாகக் கற்றிருக்கலாம். நிறத்தைப் பார்த்து மயங்கியவளுக்கு யார் என்ன சொல்லி என்ன?

சீனத் தையல்காரி அளவெடுக்கும்போது மலாயில் இன்னொரு விதி சொன்னாள். கால் அகலமாக வேண்டும் என்றால் இடுப்பை உயர்த்தி வைக்க வேண்டும், கீழ் ஓரம் போடப்போகிற செருப்பின் உயரத்துக்குச் சரியாக இருக்க வேண்டும், அதனால் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து நில் என்றாள். என்னிடம் குதி உயர்ந்த செருப்பு இல்லை. ஒன்று வாங்கினேன். அதில் நடக்கத் தெரியாது. அதையும் கற்றேன், அறைக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு.

தைத்து வந்த கால்சட்டையைப் போட்டு முதல் நாள் ஆபீஸுக்குப் போனேன். வாசலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. உள்ளே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதன் கீழே போய் நின்றதும் இரண்டு காலும் காற்றை வாங்கிக்கொண்டு உப்பின. தலைமை கிளார்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். "சீக்கிரம் உக்காரும்மா, பறந்துடப் போற" என்றார். அன்று மாலை வரை நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

தையல்காரியிடம் போய் அழாத குறையாகக் கேட்டேன். துணி லேசு, ஓரத்தில் பாரம் வை, பெரிய வீட்டுத் திரைச்சீலைகளில் ஈயம் வைத்துத் தைப்பார்கள் என்றாள். ஈயத்துக்கு எங்கே போவேன்? முதலில் சதுரச் செப்புக்காசுகளை வைத்துத் தைத்தேன். நடந்தால் கோயில் மாடு வருவது போலச் சத்தம் கேட்டது. பிறகு மணல். அது தையல் வழியாகச் சிந்தி, நான் போன இடமெல்லாம் கோடு போட்டது. கடைசியில் ஒரு சனிக்கிழமை, சமைக்க அரிசி களையும்போது வழி கிடைத்தது. ஓரத்தின் உள்மடிப்பில் நீளமாக ஒரு குழாய் போலத் தைத்து, காலுக்கு இரண்டு பிடி உலர்ந்த அரிசியைச் சீராகப் பரப்பி மூடினேன். போட்டு நடந்து பார்த்தேன். ஆகா! சத்தமில்லை, சிந்தவில்லை, துணி நேராக விழுந்து செருப்பின் மேல் மெத்தென்று ஒருமுறை அசைந்து நின்றது. என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இவ்வளவு அழகை நான்கு சுவருக்குள் வைத்துக்கொள்ள மனம் வருமா? மெர்லிமாவ் பஸ்ஸைப் பிடித்தேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கித் தோட்டத்துக்கு ஒன்றரை மைல் செம்மண் சாலை. இரண்டு கையாலும் கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குதிச்செருப்போடு தள்ளாடித் தள்ளாடிப் போனேன். கேட்டில் மலாய்க்காரக் காப்ரல் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். உள்ளே போகிறவர்களைச் சோதிப்பதில்லை.

அக்கா கதவைத் திறந்தாள்.

"என்னடி இது? ரெண்டு பாவாடையத் தனித்தனியா தச்சு மாட்டிக்கிட்டு வந்திருக்க?"

"இது ஸ்லாக்ஸ், அக்கா. டவுன்ல இப்ப இதான்."

"டவுன்ல துணி மலிவு போல."

சாப்பிட்டோம். பிள்ளைகள் என் கால்சட்டைக்குள் ஆளுக்கொரு பக்கம் தலையை விட்டு விளையாடினார்கள். மூன்று மணிக்கு அக்கா வேலைக்குக் கிளம்பினாள். நான் நாலு மணிக்குக் கேட்டுக்குப் போனபோது முப்பது பெண்கள் வரிசையில் நின்றார்கள், அவரவர் உறவுக்காரர்களைப் பார்க்கப் போகிறவர்கள். எனக்குப் பின்னால் ஒரு நடுத்தர வயதுப் பெண். கையில் ஒரு குடை மட்டும்.

"புள்ள, யாரு வீட்டுக்கு வந்த?" என்று கேட்டாள்.

"சோதனை அக்காவோட தங்கச்சி" என்றேன். அவள் முகம் மாறிற்று.

வரிசை முழுக்க முணுமுணுப்பு ஓடியது. தன் தங்கையை இவள் தடவுவாளா, இல்லை சும்மா கையை ஆட்டி விட்டுவிடுவாளா என்று பார்க்க எல்லோரும் கழுத்தை நீட்டி நின்றார்கள். ஓலைத் தடுப்புக்குப் பின்னால்தான் சோதனை, ஆனால் தடுப்பு மார்பு உயரம்தான். எனக்கோ பெருமை. அத்தனை கண்ணும் என் கால்சட்டையைப் பார்க்கின்றன என்று நினைத்து இன்னும் நிமிர்ந்து நின்றேன்.

அக்கா எல்லோரையும் போலத்தான் என்னையும் சோதித்தாள். கையைத் தூக்கு. திரும்பு. இடுப்பு, முதுகு, தொடை. பிறகு குனிந்து ஓரத்தைப் பிடித்தாள். அவள் விரல்கள் நின்றன. ஒரு முறை நசுக்கிப் பார்த்தாள். அந்த நிமிடம் வரை, சத்தியமாகச் சொல்கிறேன், அது அரிசி என்ற நினைப்பே எனக்கு இல்லை. என் மனதில் அது கால்சட்டையின் ஒரு பாகமாகிவிட்டிருந்தது. அக்கா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தபோதுதான் அது எனக்கு உறைத்தது.

"அக்கா" என்றேன். "விட்டுடு. யாரும் பாக்கல."

அவள் மலாயில் ஐயா என்று காப்ரலைக் கூப்பிட்டாள். "இஞ்சே! இங்கே அரிசி இருக்கு!"

அதை அவள் உரக்கவே சொன்னாள். சுற்றி நின்ற முப்பது பேருக்கும் கேட்டது. காப்ரல் ஓடி வந்தார். அக்கா கத்தரிக்கோல் வாங்கி என் இடது கால் ஓரத்தைக் கிழித்தாள். வெள்ளை அரிசி செம்மண்ணில் கொட்டிற்று. யாருக்கு, எங்கே, யார் கொடுத்தது என்று காப்ரல் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். நான் பாதி இங்கிலீஷிலும் பாதி மலாயிலும் உளறினேன். பாரம், காற்று, மின்விசிறி, திரைச்சீலை. சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை போயிற்று. அவர் லாரியைக் கொண்டு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். வேலை, டவுன், ஆபீஸ் எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். ஜெயிலுக்குப் போவதைவிட, தலைமை கிளார்க்குக்குத் தெரிந்துவிடுமே என்றுதான் அழுதேன். அவ்வளவு புத்திசாலி நான்.

அப்போது எனக்குப் பின்னால் நின்ற அந்தப் பெண் தடுப்பின் மேல் எட்டிப் பார்த்து மலாயில் சொன்னாள்:

"இஞ்சே, இது திருட்டு இல்ல. இதுக்கு மூளை இல்ல, அவ்வளவுதான். ஒரு காலுல அரிசி இருக்கு, ஒரு காலுல இல்ல. நடக்கச் சொல்லிப் பாருங்க, தெரியும்."

காப்ரல் யோசித்தார். பிறகு சாலையைக் காட்டி, "ஜாலான்!" என்றார்.

நடந்தேன். வலது கால் துரையின் மனைவியின் கால் போல அமைதியாக விழுந்தது. இடது கால் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டு முழங்காலில் சுற்றியது. குதிச்செருப்பு வேறு. பத்தடி போய்த் திரும்பி வந்தேன். வரிசை முழுவதும் வாய்விட்டுச் சிரித்தது. காப்ரல் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். இன்னொரு முறை நடக்கச் சொன்னார். அது விசாரணைக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். லாரி வேண்டாம் என்று ஆள் அனுப்பிவிட்டு, வலது காலையும் கிழித்து அரிசியைக் கொட்டிவிட்டுப் போகச் சொன்னார்.

அக்கா மண்டியிட்டு வலது காலைப் பிரித்தாள். இப்போது பயம் போய் எனக்குக் கோபம் வந்திருந்தது.

"கூடப் பொறந்தவளையே புடிச்சுக் குடுத்துட்ட இல்ல?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். "அந்தப் பொம்பளைக்கு இருந்த ஈரம்கூட உனக்கு இல்ல."

அக்கா தலையைத் தூக்கவில்லை. நூலை அறுத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"போன மாசம் அவகிட்ட அரை பால் டின்னு அரிசி இருந்துச்சு. பக்கத்துத் தோட்டத்துல மகளுக்குப் புள்ள பொறந்திருக்கு, அதுக்குன்னு மடியில கட்டியிருந்தா. நாந்தான் எடுத்தேன். பதினாறு நாள் உள்ள வச்சிருந்தாங்க. உன்ன விட்டுட்டு நாளைக்கு நான் எந்தக் கையால அவளத் தொடுறது?"

நான் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் குடையைக் கீழே வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே இரண்டு கைகளையும் தூக்கியபடி தன் முறைக்காகக் காத்து நின்றாள்.

"அன்னைக்கு அவளும் உண்மையத்தான் சொன்னா" என்றாள் அக்கா. "அவள யாரும் நடந்து காட்டச் சொல்லல."

அந்தப் பெண்ணிடம் நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். என் கிழிந்த கால்களைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற கூச்சத்தில், அவள் பக்கம் போகாமல் நேராகக் கேட்டைத் தாண்டி நடந்துவிட்டேன். பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.