கம்பி பிரேம்

சிவகாசி கண்ணாடிக் கடையில் போட்டுப் பார்த்த கம்பி பிரேம் மூக்கில் சில்லென்றது. அப்பாவின் கண்ணாடியும் இப்படித்தான் சில்லென்றிருக்கும்.

அப்பா பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கினார். உலோகம் உரசினால் பொறி பறக்குமென்று, மருந்து ரூமுக்குள் போகுமுன் சாவி, ஊக்கு எல்லாவற்றையும் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட வேண்டும். அப்பா தன் கம்பி பிரேம் கண்ணாடியையும் கழற்றிக் கொடுப்பார்.

"கண்ணு தெரியாம என்னத்தக் கலக்குவீக? பிளாஸ்டிக்ல ஒண்ணு வாங்குங்களேன்," என்பாள் அம்மா.

"கைக்குத் தெரியும்டி. சீசன் முடியட்டும், வாங்குவோம்." விளக்கு வெளிச்சத்தில் அலுமினியப் பொடி படிந்த அந்தக் கை மீன் வயிறுபோல மினுங்கும்.

சீசன் முடியுமுன் ரூம் வெடித்தது. மறுநாள் வாட்ச்மேன் கண்ணாடியைக் கொண்டுவந்து தந்தார். ஒரு கீறல் இல்லை. காரியமெல்லாம் முடிந்தபின் அம்மா அதைச் சேலையில் துடைத்து, தானே போட்டுக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தாள்.

"தெரியுதாம்மா?"

"நல்லாத்தான் தெரியுது."

"இது லேசா இருக்கும் சார். இதையே போட்ருவோமா?" என்றார் கடைக்காரர்.

"பிளாஸ்டிக்ல காமிங்க."

என்ன நிறம் வேண்டுமென்று கேட்டார். எதுவானாலும் சரி என்றேன்.