கூரையைத் தறியில் கட்டினேன்

சின்ன காஞ்சிபுரத்தில் இரண்டு தறி, அவற்றின் மேல் தகரக் கூரை, பின்னால் குளியலறை, வாசலில் இரும்பு கேட். எல்லாம் நான் கட்டியவை. மேஸ்திரி வேண்டாம் என்றேன். கேட் உள்பக்கம் திறக்காது, வெளிப்பக்கமும் பாதிதான் திறக்கும். திருடன் வரமாட்டான்.

புயல் வந்த அன்று ஒரு தறி காலி. மற்றதில் என் மகளின் கூறைப்புடவை. முந்தானை இன்னும் பாக்கி, அடுத்த வாரம் கல்யாணம். மத்தியானம் நகராட்சி வண்டி வந்து, தகரக் கூரை வீட்டுக்காரர்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டும் என்று மைக்கில் சொன்னது. மூன்றாம் வகுப்பிலேயே நான் விட்டுவந்த இடம் அது. திரும்பிப் போவதாக இல்லை.

"புடவைய அறுத்து எடுத்துக்கினு கிளம்புங்க," என்றாள் மனைவி.

முந்தானை முடியாத கூறைப்புடவையை அறுப்பதா? எங்கள் குடும்பத்தில் யாரும் செய்ததில்லை. நான் வேறு வழி செய்தேன். கூரையின் குறுக்குக் கம்பியில் கயிறு கட்டி, மறுமுனையைக் காலித் தறியின் படைமரத்தில் சுற்றினேன். நெய்த துணியைச் சுருட்டும் உருளைக்கட்டை அது. சுற்றச் சுற்ற இழுக்கும். புடவையையே இழுக்கிறது, கூரையை இழுக்காதா?

"கூரை போனா தறியும் போவும், கூடவே நீங்களும் போவீங்க. அப்பால பொண்ண யாரு தாரை வாக்கறது?"

"புடவை போனா போவுது, நீ வாப்பா," என்றாள் மகள். கண் மட்டும் தறியிலேயே இருந்தது. இருவரையும் அனுப்பிவிட்டு, காலித் தறியில் நெய்பவன் கால் வைக்கும் குழிக்குள் இறங்கி உட்கார்ந்தேன்.

காற்று கூரையைத் தூக்கியது. படைமரம் கிறீச்சென்று சுழன்றது. நான் அதன் துளையில் கோலைப் போட்டுத் திருப்பினேன், கூரை இறங்கியது. மறுபடி தூக்கியது, மறுபடி திருப்பினேன். குழியில் இடுப்பளவு தண்ணீர். கடைசியில் தறிக்காலே மண்ணோடு பிடுங்கிக்கொண்டு கிளம்பியபோது, மேலே டமால் என்று ஒரு சத்தம். கூரை அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஜெயித்தேன் என்று நினைத்தேன்.

காற்று அடங்கியதும் ஓடிவந்த மனைவி வாசலிலேயே கத்தினாள்: "மரம் விழுந்துகீது! உள்ள இருக்கீங்களா?"

எங்கள் வேப்பமரம் பக்கத்து வீட்டு மதிலில் சாய்ந்து, ஒரு கிளையால் கூரையை அமுக்கிப் பிடித்திருந்தது. மகள் என்னைத் தாண்டி ஓடிப் புடவையைத் தடவிப் பார்த்தாள். ஒரு சொட்டு ஈரமில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

மனைவி குழியை எட்டிப் பார்த்தாள். "எருமை மாதிரி ஊறிக்கினு இருக்கறத பாரு!"

முந்தானையை நெய்து முடித்தேன், கல்யாணமும் நடந்தது. ஆனால் வந்த சம்பந்திகள் எல்லோரும் விழுந்த மரத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, விழுந்து கும்பிட்டார்கள். கூறையைக் காத்த தெய்வமாம். சரி, இருக்கட்டும். குப்பை கொட்டுகிறது, வெட்டுங்கள் என்று மனைவி வருஷக்கணக்காக நச்சரித்த மரம் அது. வெட்டாமல் விட்டது யார்? அந்தக் குங்குமத்தில் ஒரு பொட்டு என் நெற்றிக்கும் வரவேண்டும்.