அலமாரியில் இருந்த பாஸ்போர்ட்

போன சனிக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் ஒரே அழுகை. டிவி சீரியல் இல்லை — புத்தகம்!

அடிமையாக இருந்து விடுதலையான ஒரு பெண் தன் கதையைத் தானே எழுதியது. இங்கே சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ரஹீமா அக்காவும் நானும் சேர்ந்து இந்த மாதிரி நினைவுக் குறிப்புகளைப் படித்துவருகிறோம். நான் சத்தமாக வாசிப்பேன். அக்கா முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்பார். அன்று முறுக்கு அப்படியே இருந்தது.

அந்தப் பெண்ணின் தாய் பக்கத்துப் பண்ணையில் சாகக் கிடக்கிறாள். நடந்தால் அரை நாள். எஜமானி எழுதித் தரும் அனுமதிச் சீட்டு இல்லாமல் போக முடியாது. எஜமானி கெட்டவளும் இல்லை. அடித்ததில்லை, வயிறாரச் சாப்பாடு போட்டவள். 'விருந்தாளிகள் போகட்டும்' என்றாளாம், அவ்வளவுதான்.

"என்ன மனுஷி லா இவ!" ரஹீமா அக்கா தலைத்துணி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தேநீர் கொண்டுவந்த செல்வி அங்கேயே நின்றுவிட்டாள். புதுக்கோட்டைப் பக்கத்துப் பெண். எங்கள் வீட்டில் மூன்று வருடமாக வேலை செய்கிறாள்.

"அக்கா... அந்தப் பொண்ணு அம்மாவப் பாத்துச்சா?"

"இல்லம்மா."

"எங்கம்மாவும் போயிடுச்சுக்கா. பதினோரு நாளாச்சு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மாவுக்கு முடியவில்லை, ஊருக்குப் போய் வருகிறேன் என்று அவள் போன மாதம் கேட்டது உண்மை. "ஈஸ்டர் முடியட்டும், வீடு நிறைய ஆள் வருது" என்று நான் சொன்னதும் உண்மை.

"ஏன் செல்வி சொல்லல?"

"பாஸ்போர்ட்டக் கேட்டா ஓடப்போறேன்னு நினைப்பீங்க. அதான்."

நினைத்திருப்பேன். வேலைக்கு ஆள் வந்த அன்றே பாஸ்போர்ட்டை வாங்கிப் புடவைக்கு அடியில் பூட்டி வைப்பது இங்கே பல வீடுகளில் நடப்பதுதானே? தப்பு என்று தெரியும். "பத்திரமா இருக்கட்டும்" என்று சொல்லிக்கொள்வோம். யாரிடமிருந்து பத்திரம்?

அலமாரிச் சாவியை எடுத்தேன். ரஹீமா அக்கா என் கையைப் பிடித்தார். அவர் கன்னத்தில் ஈரம்கூடக் காயவில்லை.

"ஏய், இப்பக் குடுக்காதே. ஏர்போர்ட்ல குடுத்துக்கலாம். ஓடிடும் லா!"

எனக்குக் கோபம் வரவில்லை. நேற்றுவரை நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். வெட்கமாக இருந்தது.

பாஸ்போர்ட்டைச் செல்வியின் கையில் வைத்தேன். "மன்னிச்சிடும்மா. டிக்கெட் நான் போடறேன். பதினாறாம் நாளுக்காவது போ."

அவள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"போறேங்க்கா. மாலை போட்டு போட்டோ வச்சிருப்பாங்கல்ல... அதையாவது பாக்கணும்."

அவள் திரும்பி வருவாளா என்று என்னைக் கேட்காதீர்கள் — அதைக் கேட்கும் யோக்கியதை எனக்கே இல்லை.