கடலோரச் சாலையில் ஹாரன்காரர்

டிப்போவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஹாரன் என்றால்தான் தெரியும். பேருந்தை எடுத்தாரென்றால் ஒரு கை ஸ்டியரிங்கில் இருக்கும், இன்னொரு கை ஹாரனில் இருக்கும். கடலோரச் சாலையில் அவர் வண்டி வளைவு திரும்புவதற்கு முன்பே அடுத்த நிறுத்தத்தில் இருப்பவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். வயலோரத்தில் மேயும் ஆடுகளுக்குக்கூட அந்தச் சத்தம் பழகிவிட்டது. மற்ற வண்டிகளுக்கு மிரண்டு ஓடுகிறவை, இவருக்கு மட்டும் வாலைக்கூட ஆட்டுவதில்லை.

உலகத்தில் அவருக்குச் சுத்தமாக ஆகாத ஒரே பிறவி சைக்கிள்காரன். குட்டைக் கால்சட்டையும் தலையில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு தொப்பியுமாகக் கடல் காற்று வாங்கிக்கொண்டு ஒருவன் முன்னால் போனால் போதும், இவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "ரோடு என்ன இவன் அப்பன் வீட்டுச் சொத்தா? நடுவுல போறான் பாரு!" என்று கண்டக்டரிடம் பொரிந்து தள்ளுவார்.

கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் தேய்ந்துபோன சமயத்தில் ஓய்வும் வந்தது. வீட்டில் மனைவி முன்னறையில் தையல் கடை வைத்திருந்தாள். அளவு கொடுக்க வருகிறவர்களை இவர் வாசலிலேயே மடக்கி, "உள்ள போங்க, உள்ள போங்க, வழியில நிக்காதீங்க" என்று நெருக்கி உட்கார வைத்தார். மெஷின் சத்தத்தைக் கேட்டு, "ஏத்தத்துல டாப் கியர் போட்டு இழுக்கறே, சூடாயிடும்" என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார். மனைவி பொறுத்துப் பார்த்தாள். ஒரு வாடிக்கையாளர் எழுந்து போகும்போது இவர் கண்டக்டர் மாதிரி விசில் அடித்ததும், அன்றைக்கே அவரை டாக்டரிடம் கூட்டிப்போனாள். முழங்காலுக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டாள்.

டாக்டர் காலை மடக்கிப் பார்த்தார். "தினமும் சைக்கிள் ஓட்டுங்க."

ஹாரனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "வேற எதுவும் இல்லையா டாக்டர்?"

"இருக்கே. ஆபரேஷன்."

மனைவியின் தம்பி சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். மறுநாளே ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். கடாவின் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார், விரல் தடிமனில் சக்கரம்.

"மாப்ள, இது டயரா, வளையலா?"

"ரோடு பைக் மாமா. காத்து மாதிரி போகும்."

"சீட்டு எங்க?"

"நீங்க கை வச்சிருக்கறதுதான் மாமா."

"கத்தி மாதிரி இருக்கு. இதுல எப்படி உக்கார்றது?"

"இடம் பத்தலன்னா அது சீட்டோட தப்பு இல்ல" என்றாள் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி.

முதல் நாள் அவர் தனக்குத் தெரிந்த ஒரே பாதையில், அதாவது தான் ஓட்டிய பேருந்துப் பாதையில் போனார். ஓட்டுவது பேருந்து இல்லை என்று மூளைக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு பேருந்து நிறுத்தத்திலும் சைக்கிள் தானாக ஓரம் கட்டி நின்றது. முட்டைக்கோஸ் கூடையுடன் காத்திருந்த ஒரு பெண், "என்ன அண்ணே, ஏத்திக்கப் போறீங்களா?" என்று கேட்டபோது, குனிந்து ஷூ கயிற்றைக் கட்டுவதுபோல் பாவனை செய்தார். அன்றைக்கு அவர் ஷூ கயிறு அவிழாத நிறுத்தமே இல்லை.

ஆனால் நாலைந்து நாளில் சைக்கிள் பிடித்துப்போனது. இத்தனை வருஷமும் கடல் என்பது அவருக்கு இடது கண்ணில் அடிக்கும் கூச்சம், அவ்வளவுதான். இப்போதுதான் முட்டைக்கோஸ் வயல் பச்சையாகச் சரிந்து இறங்கிப் பாறை விளிம்பில் சட்டென்று நின்றுவிடுவதும், அதற்கப்பால் தண்ணீர் காலையில் ஒரு நிறமும் வெயில் ஏறினால் வேறு நிறமுமாக இருப்பதும் தெரிந்தது. ஒரு திருப்பத்தில் வெங்காய வாடை, அடுத்த திருப்பத்தில் உப்பு வாடை.

"இதெல்லாம் இவ்வளவு நாளா எங்க இருந்துச்சுன்னே தெரியல" என்று வீட்டில் வந்து அதிசயப்பட்டார்.

"அங்கேயேதான் இருந்திருக்கும். நீங்க எதிர்ல வர்றவனத் திட்டறதுல மும்முரமா இருந்திருப்பீங்க."

இவர்களுக்கு ஒரே மகள். அவளும் அதே டிப்போவில் பேருந்து ஓட்டுகிறாள். வேலைக்குச் சேரும்போது வேண்டவே வேண்டாம் என்று குதித்தவர், சேர்ந்த பிறகு தெருவில் ஒருவரைக்கூட விடாமல் நிறுத்திச் சொல்லிப் பெருமைப்பட்டார். அவள் ஊருக்குள்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒரு நாள் காலை, ஆள் இல்லையென்று அவளைக் கடலோரப் பாதைக்கு மாற்றினார்கள். அப்பா அதற்குள் சைக்கிளில் கிளம்பிவிட்டதால் சொல்ல முடியவில்லை.

அன்றைக்கு எதிர்க்காற்று. ஹாரன் முக்கி முனகி, மூச்சு வாங்க, சாலையின் நடுவில் மிதித்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு பேருந்து ஹாரன் அடித்தது. இவர் நகரவில்லை. மறுபடி அடித்தது. 'காட்டுமிராண்டிப் பய, ஒரு மனுசன் கஷ்டப்படறது தெரியுதா பாரு' என்று மனதுக்குள் கறுவினார். மூன்றாவது முறை நீளமாக அடித்ததும் பொறுக்கவில்லை. சைக்கிளை நிறுத்தி, காலை ஊன்றி, திரும்பிக்கூடப் பார்க்காமல் கத்தினார்.

"ஏய்! அறிவில்ல? உன்னையெல்லாம் யாரு பெத்து வளத்தது?"

டிரைவர் பக்கத்துக் கண்ணாடி இறங்கியது.

"நீதாம்ப்பா!"

பேருந்தே குலுங்கிச் சிரித்தது. சாயங்காலத்துக்குள் டிப்போ, டீக்கடை, மைத்துனனின் கடை என்று ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் சண்டை.

"நடு ரோட்டுல போறியேப்பா, நான் எப்படி முந்தறது?"

"ஓரமெல்லாம் மணலு. இந்த டயரு வழுக்கும்."

"அப்ப இத்தனை வருஷமா சைக்கிள்காரங்க ஏன் நடுவுல போறாங்கன்னு கேட்டியே, இதானா பதில்?"

அவருக்குக் கோபம்தான் வந்தது. "மொதல்ல மரியாதையா ஹாரன் அடிக்கக் கத்துக்கோ!"

"இத யாரு சொல்றது பாரும்மா!"

அன்றிலிருந்து பேச்சு நின்றது. ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டாலும், "உன் மகள உப்ப இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்பார் இவர். "உன் வீட்டுக்காரர்கிட்டதாம்மா இருக்கு" என்பாள் அவள்.

ஒரு வாரம் இப்படிப் போனது. ஒரு நாள் மதியம் சாப்பிட்டுக் கிளம்பியவர், கலங்கரை விளக்கம்வரை போய்விட்டார். போகும்போது சைக்கிள் பறந்தது. தன் காலில் இவ்வளவு வலு இருப்பது தனக்கே தெரியாமல் போயிற்றே என்று பூரித்துப்போனார். திரும்பிய பிறகுதான், கொண்டுவந்து விட்டது கால் இல்லை, முதுகில் அடித்த காற்று என்று புரிந்தது. எழுந்து நின்று மிதித்ததில் செயின் படீரென்று அறுந்தது. தள்ளிக்கொண்டே வந்து, வெங்காய வயலோரம் ஒரு நிறுத்தத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் பேருந்து வந்தது. ஓட்டியது மகள்.

கை காட்டுவதா வேண்டாமா என்று இவர் யோசிப்பதற்குள் அவளே நிறுத்திவிட்டாள். ஆனால் இவர் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. கண்டக்டர் இறங்கி வந்தான்.

"நீங்க ஏறுங்க அண்ணே. சைக்கிள் ஏறாது."

"எவன் சொன்னான்?"

"நீங்கதாண்ணே சொன்னீங்க. எவனோ சைக்கிள ஏத்தி சீட்டுல கிரீஸ் பூசிட்டான்னு நீங்க குடுத்த புகார்லதான், சைக்கிள் ஏத்தக் கூடாதுன்னு வண்டியில போர்டே மாட்டினாங்க."

அந்த நேரம் பார்த்து வயலிலிருந்து ஒரு டிராக்டர் வெங்காய மூட்டைகளுடன் சாலையில் ஏறியது. ஓட்டிவந்த விவசாயி அம்மாள் அறுந்த செயினைப் பார்த்தாள். "மூட்டை மேல இடம் இருக்கு, ஏறுங்க. ஊருக்குத்தான் போறேன்."

வீம்புக்கு ஹாரன் ஏறிவிட்டார். டிராக்டர் முன்னால் கிளம்பியது, பேருந்து பின்னால். சாலையோ குறுகல். ஒரு பக்கம் பாறைச் சரிவு, ஒரு பக்கம் வாய்க்கால். முந்த வழியில்லை. சைக்கிளை மடியில் கிடத்தி, பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தவருக்கு, எதிரே கண்ணாடிக்குள் மகள். அவளுக்கு எதிரே மூட்டை மேல் அப்பா. வேறு எங்கே பார்ப்பது? கடலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியில் அவளைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. பயணிகள் கையசைத்தார்கள். ஒருவர் படமே எடுத்தார்.

வெட்கம் கொஞ்சம் அடங்கியதும் அவருக்குள் இருந்த டிரைவர் விழித்துக்கொண்டார். அவள் எங்கே தப்பு செய்கிறாள் என்று பார்க்க ஆரம்பித்தார். சரிவு வருவதற்கு முன்பே அவள் கியரைக் குறைத்தாள். வளைவில் வண்டி அலுங்காமல் திரும்பியது, நின்றுகொண்டிருந்தவர்கள்கூடக் கம்பியைப் பிடிக்கவில்லை. ஒரு நாய் குறுக்கே வந்து நடுச்சாலையில் உட்கார்ந்து சாவகாசமாகச் சொறிந்துகொண்டது. நின்று காத்திருந்தாள். ஹாரனைத் தொடவே இல்லை. இவராக இருந்தால் இந்நேரம் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் கேட்டிருக்கும்.

நேர்ச்சாலை வந்தது. எட்டிப் பார்த்தார். எதிரே வண்டி இல்லை. 'வா' என்று கையை வீசினார். அவள் உடனே வரவில்லை. தானும் ஒருமுறை சற்று விலகிப் பார்த்து, உறுதி செய்துகொண்ட பிறகே முந்தினாள். பெற்ற அப்பன் கையைக்கூட நம்பவில்லையே என்று ஒரு கணம் சுருக்கென்றது. அடுத்த கணம், நம்பியிருந்தால்தான் திட்டியிருப்போம் என்று தோன்றியது.

பக்கத்தில் வந்தபோது கண்ணாடி இறங்கியது. "வண்டி நின்னப்புறம் இறங்குப்பா. குதிச்சுத் தொலைக்காத."

மூட்டை மேல் உட்கார்ந்தபடியே சிரித்துவிட்டார்.

அன்று சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே மனைவியிடம் சொன்னார். "உன் மகள் நல்லாத்தான் ஓட்டறா."

"எதிர்லதானே இருக்கா, அவகிட்டயே சொல்லுங்க."

தொண்டையைச் செருமினார். "அந்தச் சரிவுல முன்னாடியே கியரக் குறைச்சிட்ட. நான் பாதியில போய்த்தான் குறைப்பேன்."

"அதனாலதான் உன் முழங்கால் போச்சுப்பா."

"யாரு சொன்னா? அந்தக் கிளட்சே சரியில்ல. இப்ப நீ வளைவுல என்ன பண்றன்னா..."

பிறகு கியர், பிரேக், எதிர்க்காற்று, செயின் என்று ஆரம்பித்தவர்கள் நிறுத்தவேயில்லை. சாப்பாடு ஆறிப் போனது. கரண்டியை வளைவாகவும் தம்ளரைப் பேருந்தாகவும் வைத்து அவர் விளக்க, அவள் தம்ளரை வேறு பக்கம் தள்ளி மறுத்தாள். பார்த்துக்கொண்டே இருந்த மனைவி தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"பேசாம இருந்த வாரமே நிம்மதியா இருந்துச்சு."