சூயஸ் பூட்டின வருஷத்து முகத்துவாரம்

சூயஸ் கால்வாயைப் பூட்டின வருஷம், அந்தக் கவலையை வாவியோரத்து எங்கள் படுவான்கரையில் முழுநேரமாய்ப் பட்டவன் நான் ஒருவன்தான். வட்டை விதானை என்று எனக்கொரு பதவி. வயல்காரருக்காக அரசாங்கக் கச்சேரியில் அதிகாரிகளோடு பேசுவது வேலை. மிச்ச நேரத்தில் பேப்பர் படித்து உலகத்தைச் சந்தேகிப்பேன். கப்பல்களெல்லாம் ஆபிரிக்காவைச் சுற்றுகின்றன, வல்லரசுகள் வேறு வழி தேடுகின்றன என்று படித்த கிழமையே, முகத்துவாரத்தில் ஒரு வெள்ளைக்காரன் தோணியில் இருந்து ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்ப்பதைக் கண்டேன்.

தோணிக்காரனை விசாரித்தேன். இறால் ஆராய்ச்சிக்கு வந்தவராம் என்றான். அவ்வளவு சுருக்கமாய்ப் பதில் சொன்னதால் அவனையும் சந்தேகித்தேன். வெள்ளைக்காரனுக்குச் சீனி கூடப் போட்டுத் தேத்தண்ணி கொடுத்த கடைக்காரரையும் விடவில்லை.

மாரி இறங்கியது. வாவி நிரம்பி வயலுக்குள் ஏறினால், முகத்துவாரத்தை அடைத்து நிற்கும் மணல்திட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவது எங்கள் வழக்கம். அதற்குக் கச்சேரியில் போய்க் கேட்க வேண்டியவன் நான். நானோ இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தேன். கதவை நாமே திறந்துவிட்டால் போர்க்கப்பல் உள்ளே வந்துவிடாதா?

ஆகத் தாழ்ந்த வயல் என் தங்கச்சி புருஷனுடையது. பயிர் நுனி மட்டும் தெரிய மூழ்கிக் கிடந்தது. இன்னும் கிடந்தால் அழுகிவிடும்; பிறகு அந்த வீட்டில் வருஷம் முழுக்கச் சோறில்லை. மச்சான் இடுப்பு வரை நனைந்தபடி வந்து நின்றார். என் பயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"மச்சான், நம்மட வாவியக் கோடையில எருமை நடந்து கடக்குது. அதுக்குள்ள கப்பல் வந்து புதைஞ்சா, தள்ளுறதுக்கும் உங்களைத்தான் கூப்பிடுவானுகள். மறுகா அதை யோசிப்பம். இப்ப எழும்புங்க."

கச்சேரிக்கு ஓடினேன். சம்மதம் கிடைத்ததும் ஊரே மண்வெட்டியோடு திட்டில் இறங்கியது. வெள்ளைக்காரனும் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு ஒரு மண்வெட்டி கேட்டான். கொடுத்தேன், ஆனால் கடற்பக்கம் நிற்க விடவில்லை. நன்றாகவே வெட்டினான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. ஓடை போல் வெட்டிய வழியைத் தண்ணீர் தானே அகலமாக்கிக்கொண்டு கடலுக்குப் பாய்ந்தபோது எல்லாரும் வாவியைப் பார்த்தார்கள். நான் மட்டும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மச்சானின் பயிர் சேறு பூசிக்கொண்டு தலை தூக்கியது. பாதிக்கு மேல் பிழைத்தது. அறுவடை முடிந்து புதிரிசிச் சோறு போடும்போது தங்கச்சி கேட்டாள்:

"கப்பல்காரருக்கும் ஒரு கோப்பை சோறு வைக்கட்டோ அண்ணே?"

வேண்டாம் என்றேன். சோறு ருசி என்று தெரிந்தால் கட்டாயம் வந்துவிடுவான்கள்.