தாட்சாயணி ஓங்கிய நாற்காலி

நகரிப் பக்கம் கரும்பு வெட்டிப் பிழைத்த வீட்டில் பிறந்தவள் தாட்சாயணி. சொந்தமென்று ஒரு வரப்புகூட இல்லாத வீடு. அவளைக் கட்டிய சம்பத் ரேணிகுண்டாவில் லாரிப் பட்டறை வேலைக்காரன். முதுகு பிசகிப் பளு தூக்க முடியாமல் போன பிறகு, குடும்பத்துக்குச் சோறு போட்டது அவளுடைய காக்கிச் சட்டைதான். திருச்சானூரில் ஒற்றை அறை. ஷேர் ஆட்டோ பிடித்துப் போய், கல்யாண மண்டபமோ பொருட்காட்சியோ, செக்யூரிட்டி ஏஜென்சிக்காரன் நிறுத்திய இடத்தில் காவலுக்கு நிற்பாள். ஏஜென்சிக்கு ஒரே சட்டம்: போலீஸ் கேசில் பேர் அடிபட்டால் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நடக்க வேண்டியதுதான்.

அப்படி நின்ற இடங்களில் ஒன்று ரேணிகுண்டா ரோட்டு மைதானம். பெங்களூரிலிருந்து கிடார் கோஷ்டி வந்திருந்தது. ராக் கச்சேரி என்றார்கள். டிக்கெட் வாங்கினவன் உள்ளே, வாங்காதவன் மூங்கில் வேலிக்கு வெளியே. வெளியேதான் கூட்டம் ஜாஸ்தி. பாட்டு பாதியில் இருக்கும்போது ஸ்பீக்கர் செத்துப்போனது. கோஷ்டி மேடையை விட்டு இறங்கிவிட்டது. முதலில் தண்ணீர் பாட்டில் பறந்தது, பிறகு நாற்காலி, பிறகு வேலியே பிடுங்கிக்கொண்டு வந்தது. பெண்கள் பக்கம் தாட்சாயணி ஒருத்திதான் காவல். கையில் ஒரு தடிகூடக் கிடையாது. ஒருவன் பெண்கள் பக்கமாகத் தாண்டிக் குதித்ததைப் பார்த்தாள். கிடைத்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி அவன் தலையில் போட்டாள். அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். யாரை அடித்தோம் என்று அவளுக்கும் தெரியாது. அடித்தது யார் என்று அவனுக்கும் தெரியாது.

மறுவருஷம் ரூபா என்ற பெண் கேமராவோடு வந்தாள். அந்தக் கலாட்டாவை ஆவணப்படமாக எடுக்கிறாளாம். கூட்டம் எப்படி உடைந்தது என்று கேட்டாள், தாட்சாயணி சொன்னாள். நாற்காலியைப் பற்றி அவள் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. படம் முடிந்ததும், பேசினவர்களுக்குத்தான் முதலில் காட்டுவேன் என்று எல்லாரையும் திருப்பதியில் ஒரு சின்ன ஹாலுக்குக் கூப்பிட்டாள். தாட்சாயணி சம்பத்தையும் கூட்டிக்கொண்டு போனாள்.

திரையில் ஒருவன் புருவத்துத் தழும்பைக் காட்டி, "யார் அடிச்சான்னே தெரியல மேடம்" என்றான். அடுத்தது யாரோ செல்போனில் எடுத்த காட்சி. காக்கிச் சட்டையில் தாட்சாயணி, தலைக்கு மேலே நாற்காலி. அது இறங்கியதும் ஹாலின் முன்வரிசையில் ஒரு தலை திரும்பியது. அதே புருவம், அதே தழும்பு. அவன் பேர் சீனு.

படம் முடிந்து வாசலுக்கு வந்ததும் மறித்துக்கொண்டான். கூடவே அவன் தாய் சுந்தராம்பாள்.

"இத்தினி நாளா ஒரு ஆம்பளயத் தேடிக்கினு இருந்தேன். நீதானா அது? நாளைக்கே ஸ்டேஷன்ல இதக் காட்டறேன்."

"ஏம்மா, அது கையா, ஒலக்கையா?" என்றாள் சுந்தராம்பாள்.

தாட்சாயணிக்கு ஏஜென்சிச் சட்டம்தான் ஞாபகம் வந்தது. கேஸ் என்றால் சட்டை போயிற்று. சட்டை போனால் அடுப்பு? சம்பத்துக்கும் அதே பயம். ஆனால் அவன் வாய் வேறு வழியில் போனது.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"புத்தூரு. ஊரக் கேட்டா தழும்பு மறஞ்சிடுமா?"

"நான் சத்திரவாடா. கமலம்மா மவன்."

சுந்தராம்பாள் அவனை உற்றுப் பார்த்தாள். "எந்தக் கமலம்மா? பல்லு எகிறினவளா?"

"ஆமா. செத்துப்போச்சி."

"எங்க பெரிம்மா பொண்ணுடா அவ. உன்ன இடுப்புல தூக்கிக்கினு சுத்தியிருக்கேன் நானு."

அப்படியானால் சுந்தராம்பாள் சம்பத்துக்குச் சித்தி. சீனு தம்பி. தாட்சாயணி அவனுக்கு அண்ணி. அந்த ஊர்ப் பக்கம் அம்மன் திருவிழாவான ஜாத்திரை அன்று அண்ணி கொழுந்தன் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவாள், வேப்பிலைக் கொத்தால் முதுகில் போடுவாள். கோபித்துக்கொள்கிற கொழுந்தனைப் பார்த்து ஊரே சிரிக்கும்.

"அண்ணி அடிச்சான்னு ஸ்டேஷன்ல எழுதிக் குடுப்பியா?" என்று மகனைக் கேட்டாள் சுந்தராம்பாள்.

"அது வேப்பிலை, இது சேரு. நாலு தையல். கொழுந்தன்னு தெரிஞ்சா அடிச்சாங்க?"

தாட்சாயணிதான் வாய் திறந்தாள்.

"தெரியாமத்தான் அடிச்சேன். பொண்ணுங்க மேல கைய வெக்க வர்றியோன்னு நெனச்சிட்டேன். எதுக்கு அங்க குதிச்ச?"

"எங்க அக்ஷயா உள்ள இருந்தா. தங்கச்சிய இட்டாரத்தான் குதிச்சேன்."

"அவளுக்கு என்னா ஆச்சி?"

"என்னா ஆவும்? அப்பவே பின்பக்கமாப் போயி பஸ் ஏறிட்டா. வூட்ல சோறு துன்னுக்கினு இருந்தா. நான்தான் ஆஸ்பத்திரில கெடந்தேன்."

முதலில் சிரித்தது சுந்தராம்பாள்தான். பிறகு சம்பத். தாட்சாயணி சிரிக்கவில்லை. அந்தத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தப்புதான் சீனு" என்றாள்.

அவன் புருவத்தைத் தடவிக்கொண்டான். பக்கத்தில் நின்ற ரூபா, வேண்டுமானால் தாட்சாயணி முகத்தைப் படத்தில் மறைத்துவிடலாம், அடிபட்டவர் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றாள்.

"மறைச்சிடுங்க மேடம். அண்ணி கையால அடி வாங்கினவன்னு ஊரு பூரா எனக்குப் பேரு வேணாம்."

ஸ்டேஷனுக்கும் அவன் போகவில்லை. படம் எல்லார் போனிலும் ஓடியது. நாற்காலியைத் தூக்கிய பெண்ணுக்கு முகமிருந்த இடத்தில் புகைதான் இருந்தது. தாட்சாயணியின் சட்டைக்குப் பங்கம் வரவில்லை.

ஜாத்திரைக்குக் கூப்பிடச் சீனுவும் தாயும் திருச்சானூருக்கு வந்தார்கள். வந்தவனை நிற்க வைக்கலாமா? மூலையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தாட்சாயணி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். சீனு வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"மொதல்ல அதக் கீழ வைங்க அண்ணி" என்றான்.

அவள் வைத்துவிட்டு அடுப்பங்கரை வரைக்கும் தள்ளிப் போன பிறகுதான் உள்ளே வந்து உட்கார்ந்தான்.