பெடலுக்கு ஒரு பொட்டு

நான் சைக்கிள் மிதிக்கும் அழகைப் பார்த்தவர்கள், இந்தப் பையன் வண்டி ஓட்டுகிறானா, உட்கார்ந்தபடியே மாவரைக்கிறானா என்று சந்தேகப்பட்டார்கள். பெடலில் குதிகாலைத்தான் வைப்பேன். பாதம் இரண்டும் வெளியே பார்க்கும். முட்டிகள் ஆளுக்கொரு திசையில் போகும். போதாததற்கு, விழப்போனால் காலை ஊன்றிக்கொள்ள வேண்டும் என்று அப்பா சீட்டை அடியோடு இறக்கி வைத்திருந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் முட்டி மேலே வந்து வயிற்றை நலம் விசாரித்துவிட்டுப் போகும்.

இருந்தும் அந்தச் சைக்கிளைத்தான் என் மானம் நம்பியிருந்தது. அப்போது நான் ஏழாம் வகுப்பு. அனுமந்தன்பட்டியிலிருந்து உத்தமபாளையம் பள்ளிக்கூடத்துக்கு வேனில் போய்வந்தேன். அந்த வேனில் எனக்கு அடுத்த பெரிய மனிதர் இரண்டாம் வகுப்பு. மற்றதெல்லாம் எல்.கே.ஜி. என் மடியில் எப்போதும் ஒரு குழந்தை இருக்கும். அதன் மடியில் மூடாத தண்ணீர் பாட்டில் இருக்கும். கூடப் படிக்கிறவர்கள் சைக்கிளில் பக்கத்தில் வந்து, "ஏலே, பாப்பாவுக்கு டாட்டா காட்டுங்கடா" என்று கத்துவார்கள். குழந்தைகளும் நம்பிக் கை ஆட்டும்.

சைக்கிளில் போகிறேன் என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கால்வாய்ப் பாலத்து மேட்டைக் கால் தரையில் படாமல் ஏறிக் காட்ட வேண்டும். அதுவும் பள்ளிக்கூடம் விட்டு வருகிற திசையில். ஆடி மாதம், கம்பத்துப் பக்கமிருந்து வீசும் காற்று ஆளையே திருப்பி அனுப்பும் திசை அது. "உங்கப்பா ஒன்னு சொன்னாகன்னா சொன்னதுதான்டா" என்று அம்மாவும் கைவிட்டாள். முதல் முயற்சியில் பாதி மேட்டில் சைக்கிள் நின்றது. பிறகு யோசித்து, பின்னால் உருண்டது.

அப்போதுதான் மாமா பொறுப்பேற்றார். அம்மாவின் தம்பி, கம்பத்திலிருந்து கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறவர். சைக்கிளைத் தொட்டுப் பல வருஷம் ஆகியிருந்ததால் பயிற்சி கொடுக்க முழுத் தகுதி பெற்றிருந்தார். மலையாளத்தில் ஒருவர் சைக்கிள் மிதிக்கக் கற்றுத்தரும் வீடியோவை போனில் ஓடவிட்டு எனக்கு மொழிபெயர்ப்பார். புரியாத இடத்தில் சொந்தச் சரக்கைச் சேர்ப்பார்.

"குதிகால்ல மிதிக்கிறியே, கரப்பான்பூச்சியாடா அடிக்கிற? பெருவிரலுக்குப் பின்னால புடைச்சிக்கிட்டு ஒரு சதை இருக்குல்ல? அந்த இடம் பெடல் நடுவுல உக்காரணும். பாதம் நேராப் பாக்கணும். ஓங்கி ஓங்கி மிதிக்காத. ஒரே சீராச் சுத்து, சுத்திக்கிட்டே இரு."

இதெல்லாம் சரிதான். மாமா அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு மறக்காமல் இருக்க அக்காவின் நெயில் பாலிஷை எடுத்து, என் ஷூவின் முன்பக்கம் ஓரமாகச் சிவப்புப் பொட்டு வைத்தார். பொட்டு பெடலுக்கு நேரே நிற்க வேண்டும். நிறுத்தினேன். இரண்டே நாளில் கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. படியேறும்போது "ஐயோ", இறங்கும்போது "அம்மா". ஆரம்பத்தில் அப்படித்தான் வலிக்கும், வீடியோவிலேயே சொல்கிறார் என்றார் மாமா. வீடியோவில் அப்படி யாரும் சொல்லவில்லை.

நெயில் பாலிஷ் குறைந்திருக்கிறதே என்று சண்டைக்கு வந்த அக்காதான் பொட்டின் மேல் கட்டைவிரலை வைத்து அமுக்கினாள். ஷூ உள்ளே போனது. இன்னும் அமுக்கினாள். இன்னும் போனது.

"மாமா, இங்கன இவன் கால் இல்ல. துணிதான் இருக்கு."

வளர்கிற பிள்ளை என்று எங்கள் வீட்டில் எனக்கு எல்லாமே பெரிய அளவில்தான் வாங்குவார்கள். ஷூவின் முனையில் அம்மாவின் பழைய சேலைத் துணி அடைத்திருந்தது. இரண்டு நாளாக நான் விரல் நுனியில் மிதித்திருக்கிறேன். மீதியை அந்தச் சேலை மிதித்திருக்கிறது. அக்கா ஷூவைக் கழற்றிப் போட்டு, வெறுங்காலில் பெருவிரல் எலும்போரமாகப் பொட்டு வைத்தாள். தடிப்பாக, இரண்டு கோட்டிங். அந்த வாரம் முழுக்க வேனில் ஒரு எல்.கே.ஜி. என் ஷூவிலிருந்த பொட்டைக் காட்டி, தனக்கும் வேண்டுமென்று அழுது அடம்பிடித்ததைச் சொல்லாமல் விடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பாலத்தடியில் பரீட்சை. அப்பாதான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஏறி உட்கார்ந்ததும் திக்கென்றது.

"அப்பா, கால் தரைக்கு எட்டல."

"ஷூவக் கழட்டிட்டேல்ல? அதான்" என்று சொல்லிவிட்டுக் காற்றைப் பார்த்தார்.

நியாயமான பதிலாகவே பட்டது. பொட்டைப் பெடலுக்கு நேரே வைத்தேன். மாமா ஜீப்பைப் பக்கத்திலேயே உருட்டியபடி "சுத்து, சுத்து" என்று தொண்டை கிழியக் கத்தினார். காற்று சட்டைக்குள் புகுந்து என்னைக் கூடாரமாக்கியது. ஆனால் முட்டி வயிற்றில் இடிக்கவில்லை. கால் முழுசாக நீண்டு, முழுசாக மடங்கி, தானாகச் சுற்றியது. முன்பு நின்ற இடம் வந்தது, போனது. பாலத்தின் உச்சி என் சக்கரத்துக்கு அடியில் வந்தபோது பக்கத்து வயலின் வாழை எல்லாம் எனக்காகத்தான் கைதட்டுகிறது என்று நம்பினேன்.

ஏறத் தெரிந்ததே தவிர, நிறுத்தத் தெரியவில்லை. கால் எட்டாதே! பிரேக்கைப் பிடித்து, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து, வைக்கோல் காயப்போட்டிருந்த ஓரத்தில் மல்லாந்தேன்.

மாமா ஜீப்பிலிருந்து குதித்தார். "மச்சான், கால் படல! முதுகுதான் பட்டுச்சு!"

அப்பா மூச்சிரைக்க மேடேறி வந்து சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார். பிறகு, "முதுகப் பத்தி நான் ஒன்னும் சொல்லலயே" என்றார். மறுநாள் வேன் நான் இல்லாமல் போனது.

போன மாதம் அக்கா மகளின் சைக்கிள் சீட்டை உயர்த்திக் கொடுத்தேன். துருப்பிடித்த சீட்டுக் கம்பியில் அதுவரை குழாய்க்குள் புதைந்திருந்த பகுதி வெளியே வந்து மின்னியது. ஏன் இங்கே மட்டும் பளபளக்கிறது என்று அவள் கேட்டாள். இத்தனை நாள் உள்ளே இருந்த இடம், அதான் துருப்பிடிக்கவில்லை என்று சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் என் சீட்டுக்குக் கீழே நாலு விரல் அகலத்துக்கு இப்படித்தான் மின்னியது. எந்த ஷூவுக்கும் அத்தனை தடிமனான அடி கிடையாது என்று எனக்குத் தோன்றவேயில்லை. அம்மா துடைத்திருக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டு, அப்பாவை எப்படியாவது ஜெயித்துவிட வேண்டும் என்ற வெறியோடு மேடேறினேன்.